வாவிக்கரைச் சிறுவனும் மூன்றாம் பிறையும்

மட்டக்களப்பு நகருக்கு அணித்தாக, வாவியின் கரையை ஒட்டி அமைந்த சிற்றூர் அமிர்தகழி. ஆடி அமாவாசைத் தினத்தில் மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தக்குளத்திலே நீராடி, மறைந்த முன்னோரை நினைந்து கடன் கழிக்கக் கீழ்மாகாணத்தின் பல திசைகளிலிருந்தும் மக்கள் திரள்கின்ற ஊர் அது. அவ்வூரின் பெயரைக் கேட்டதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது அக்குளமும் அத்தீர்த்தமுமே. ஆயின் தமிழ்த் திரைப்படக் கலையின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் அமிர்தகழியின் பெயரைப் பிறிதொரு காரணத்திற்காகவும் குறிக்கவேண்டியவராவர். பாலுமகேந்திரா என்று உலகம் அறிந்த பெஞ்சமின் மகேந்திரன் பிறந்த ஊர் அதுவே. அவர் பிறந்த ஆண்டு 1939 எனப் பெரும்பாலும் பதியப்பட்டுள்ளது.

அவர் படைத்த படங்களுள் 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வெளிவந்த மூன்றாம் பிறை என்பது தனித்த ஓரிடத்தைப் பெற்றது. பேதைமையும் பெருந்தனிமையும் பின்னிக் கிடக்கும் ஒரு காதலின் கதை அது. காதல் என்ற சொல்லை அதற்கு வழங்கலாமா என்பதே ஐயத்திற்குரியது. ஒருவன் ஒருத்தியைத் தாயினும் மேலாகப் பேணுகின்றான். அவளோ அவன் யார் என்பதையே அறியாதவளாய்ப் பிரிந்து செல்கின்றாள். படமாளிகையை விட்டு வெளிவந்த மக்கள் பேச்சற்று நடந்தனர் என்பதை அக்காலத்தில் அப்படத்தைக் கண்ட நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஓர் ஊரிற் பிறந்தவர் வேறெங்கோ சென்று புகழ்பெற்றால், அப்புகழ் முழுவதையும் பிறந்த மண்ணின் கணக்கில் எழுதிவிடுதல் எல்லா ஊராருக்கும் உள்ள இயல்பு. மட்டக்களப்பாரும் இதற்கு விலக்கல்லர். வாவியின் தண்மைதான் அவருடைய கமராவுக்குள் புகுந்தது என்று மேடைகளிற் பேசுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வரலாறு கேட்கும் வினா வேறு. இவ்வாவிக்கரையிற் பிறந்த அக்கலைஞர் ஏன் இவ்வாவிக்கரையில் ஒரு படமேனும் எடுக்கவில்லை? அவர் சென்றதற்கும் திரும்பாமைக்கும் உரிய காரணங்கள் யாவை? இவ்வினாக்களுக்கு விடை காணாமற் பெருமை மட்டும் பேசுதல் பொருந்தாது.

மகேந்திரன் கல்வி பயின்றது மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில். 1873 ஆம் ஆண்டில் தோன்றிய அக்கல்லூரி அவர் காலத்தில் இயேசு சபைக் குருமாரின் மேற்பார்வையில் இயங்கியது. புளியந்தீவிலே, மூன்று புறமும் நீர் தெரியுமளவில் அமைந்த சூழல். ஐம்பத்தாறு கிலோமீற்றர் அளவு நீண்டு கிடக்கும் இவ்வாவியின் இயல்பை அறியாதவர்களுக்கு ஒன்று கூறவேண்டும். கடலைப் போல் இது இரைவதில்லை. காற்றில்லாத இரவுகளில் நீர் அசைவற்றுக் கிடக்கும்; கரையில் ஒருவன் விளக்கேந்தி நடந்தால் அவ்வொளி நெடுந்தூரம் நீரிலே நீளும். முழுநிலா நாள்களில் தோணியை நடுவாவியில் நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்டால் நீருக்கடியில் எழும் இசை போன்ற ஒலி கேட்கும் என்பர். மீன் பாடுகின்றதா, சிப்பி பாடுகின்றதா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்க, ஓசையைக் கேட்பதற்காக ஓசையின்றி இருக்கப் பழகிய மக்கள் இவ்வாவிக்கரை மக்கள் என்பது மட்டும் உறுதி.

சிறுவன் மகேந்திரனின் வாழ்வை மாற்றிய நிகழ்ச்சி நிகழ்ந்ததோ வாவிக்கரையில் அன்று, மலைநாட்டின் அடிவாரத்தில். ஆங்கில நெறியாளர் டேவிட் லீன் க்வாய் ஆற்றுப் பாலம் பற்றிய தம் படத்தை 1956, 1957 ஆம் ஆண்டுகளில் கித்துள்கலையில் களனி கங்கைக் கரையிலே எடுத்துக்கொண்டிருந்தார். பாடசாலைச் சுற்றுலாவாகச் சென்ற மாணவர்களுடன் மகேந்திரனும் அப்படப்பிடிப்பைக் கண்டார். நெறியாளர் குரல் கொடுத்தார். உடனே மழை பொழிந்தது. செயற்கை மழைதான். ஆயினும் ஒரு மனிதன் மழை என்று சொல்ல மழை பெய்வதைக் கண்ணாற் கண்ட சிறுவன், தானும் ஒருநாள் அவ்வாறு மழையை வருவிப்பவனாக வேண்டும் என்று எண்ணினான். இதனைப் பிற்காலத்தில் அவரே பல முறை நினைவு கூர்ந்துள்ளார்.

அந்நாளைய இலங்கையில் இவ்வாசை கொண்ட ஒரு தமிழ் இளைஞனுக்குச் செல்லும் வழி இருந்ததா? இவ்விடத்திற் சிறிது நின்று பார்த்தல் தகும்.

முதற் சிங்களப் பேசும்படமான கடவுணு பொறொந்துவ 1947 இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர்; அது எடுக்கப்பட்ட இடமோ தென்னிந்தியா. அதன்பின் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தமிழ்நாட்டுப் படக்கூடங்களிலே தமிழ்ப்படங்களின் அச்சிலே வார்க்கப்பட்டு வந்தன. 1956 இன் இறுதியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தம்முடைய ரேகாவ படத்தை வெளிக் கிராமங்களில், வெயிலொளியில் எடுத்து அவ்வச்சை உடைத்தார். அவர் பயின்றது அரசாங்கத் திரைப்படப் பிரிவில். சிங்களத் திரைப்படம் இவ்வாறு தன் காலில் நிற்க முற்பட்ட அதே காலத்தில், இலங்கைத் தமிழ்த் திரைப்படம் பிறக்கவே இல்லை. பதினாறு மில்லிமீற்றர் அளவில் எடுக்கப்பட்ட சமுதாயம் 1962 இல் வந்தது. அதனை நெறிப்படுத்தியவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். அடுத்த ஆண்டு தோட்டக்காரி வந்தது. இவற்றை எடுத்தோர் துணிவு மிக்கோர் என்பதில் ஐயமில்லை. ஆனால் சென்னையிலிருந்து வாரந்தோறும் வந்திறங்கிய பெரும்படங்களின் முன் இச்சிறு முயற்சிகள் நின்றுபிடிக்க இயலவில்லை. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படமாளிகை உரிமையாளர்களுக்கு வேண்டியது கூட்டம். கூட்டத்திற்கு வேண்டியது சென்னை நடிகர்கள். நாட்டிலே படக்கலையைக் கற்பிக்க ஒரு கல்லூரியும் அன்று இல்லை.

மகேந்திரன் கொழும்பிலே அரசாங்கத் திணைக்களமொன்றில் வரைபடக் கலைஞராகத் தொழில் புரிந்தார். தேனருவி என்ற இலக்கிய ஏட்டின் ஆசிரியப் பணியிற் சிலகாலம் ஈடுபட்டார். இலங்கை வானொலியின் நாடகங்களிலே பங்குபற்றினார். சிங்கள நாடகக் குழுவினரோடும் பழகினார். வானொலி நாடகம் என்பது முகம் காட்டாது, குரலையும் ஓசையையும், இரண்டிற்கும் இடையே உள்ள மௌனத்தையும் கொண்டு ஒரு வாழ்வை எழுப்பும் கலை. பிற்காலத்தில் அவர் படங்களிற் பேச்சு குறைந்து, காற்றும் மழையும் கதவின் கிறீச்சொலியும் இடம் பிடித்துக்கொண்டதைக் காண்போர் இதனை நினைத்துப் பார்க்கலாம்.

1966 இல் அவர் புனே திரைப்படக் கல்லூரியிற் சேர்ந்தார். பழைய பிரபாத் படக்கூட வளவில் 1960 இல் இந்திய அரசு நிறுவிய கல்லூரி அது. 1969 இல் ஒளிப்பதிவுப் பட்டயம் பெற்றார். அவருடைய மாணவப் படத்தைக் கண்டு மெச்சிய மலையாள நெறியாளர் ராமு காரியாட் தம்முடைய நெல்லு என்ற படத்தின் ஒளிப்பதிவை அவரிடம் ஒப்படைத்தார். 1974 இல் வெளியான அப்படத்திற்குக் கேரள அரசின் பரிசு கிடைத்தது. 1977 இல் கன்னடத்திற் கோகிலா மூலம் நெறியாளரானார். அதன் ஒளிப்பதிவுக்கு இந்தியத் தேசிய விருது வந்தது. 1978 இல் மகேந்திரனின் முள்ளும் மலரும், பின்னர் கே. விசுவநாத்தின் சங்கராபரணம் ஆகியவற்றிற்கு ஒளிப்பதிவு செய்தார். இவ்விரு மகேந்திரரையும் ஒருவரெனக் கருதி மயங்குவோர் இன்றும் உளர். முள்ளும் மலரும் படத்தை நெறிப்படுத்தியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வேறொருவர். அவ்வாறே, 1972 இல் இலங்கையிற் குத்துவிளக்கு படத்தை நெறிப்படுத்திய டபிள்யூ. எஸ். மகேந்திரனும் வேறொருவரே.

இனி மூன்றாம் பிறைக்கு வருவோம்.

கதை சுருங்கச் சொல்லின் இதுதான். வாகன விபத்தொன்றில் நினைவிழந்த ஓர் இளம்பெண் தன் வயதையும் பெயரையும் பெற்றோரையும் மறந்து, உள்ளத்தாற் சிறுபிள்ளையாகிவிடுகின்றாள். தீயோர் அவளைச் சென்னையில் ஒரு விலைமாதர் இல்லத்தில் விற்றுவிடுகின்றனர். நண்பனொருவனின் வற்புறுத்தலால் அங்கு வந்த சீனிவாசன் என்ற ஆசிரியன் அவளுடைய நிலையை உணர்ந்து, அவளை மீட்டு, தான் தொழில் புரியும் நீலகிரி மலையூராகிய கேத்திக்கு அழைத்துச் செல்கின்றான். அங்கே அவளுக்கு உணவூட்டுகின்றான், கதை சொல்கின்றான், குரங்கு போல் ஆடிச் சிரிக்க வைக்கின்றான், குறும்பு செய்தால் கடிந்துகொண்டு பின் கடிந்ததற்காக வருந்துகின்றான். இறுதியில் ஒரு வைத்தியரிடம் அவளை ஒப்படைக்கின்றான். வைத்தியம் பலிக்கின்றது. பழைய நினைவு மீள்கின்றது. மீள்கின்ற அக்கணமே இடைக்கால நினைவு முழுவதும் அழிகின்றது. தேடி வந்த பெற்றோருடன் அவள் புகையிரதம் ஏறுகின்றாள். மழையிலே ஓடி, விழுந்து, அடிபட்டு, சேறு படிந்த உடலோடு நிலையத்தை அடைந்த ஆசிரியன், தன்னை அவளுக்கு நினைவூட்ட முன்பு தான் ஆடிய குரங்காட்டத்தை ஆடிக் காட்டுகின்றான். அவளோ பித்தன் என்றும் இரவலன் என்றும் எண்ணி உணவுப் பொட்டலத்தை எறிகின்றாள். வண்டி நகர்ந்துவிடுகின்றது.

சீனிவாசனாகக் கமல்ஹாசனும் அப்பெண்ணாக ஸ்ரீதேவியும் நடித்தனர். சிறந்த நடிகருக்கான இந்தியத் தேசிய விருது கமல்ஹாசனுக்கு முதன்முறையாக இப்படத்தினாலேயே கிடைத்தது. ஒளிப்பதிவுக்கான விருது பாலுமகேந்திராவுக்கு. இசை இளையராஜா. அவள் உறங்குவதற்காகச் சீனிவாசன் பாடும் தாலாட்டைக் கண்ணதாசன் எழுதினார். 1981 ஒக்டோபரில் மறைந்த அக்கவிஞரின் இறுதித் திரைப்பாடல்களுள் அது ஒன்று. விருது பெறாதவரின் பெருமையையும் கூறுதல் கடன். நினைவிழந்த பெண்ணாக நடிப்பதிற் பெருந்தொல்லை ஒன்று உண்டு: குழந்தைத்தனம் சற்று மிகின் சிரிப்புக்கிடமாகும், சற்றுக் குறையின் பொய்யாகும். ஸ்ரீதேவி அவ்வொற்றையடிப் பாதையில் இடறாமல் நடந்தார். கடைசிக் காட்சியில் அவர் கண்களிலே துளியளவு கனிவேனும் தெரிந்திருந்தால் படம் கெட்டிருக்கும். தெரியவில்லை. வழிப்போக்கரைப் பார்க்கும் பார்வைதான் அது.

கதாநாயகன் ஓர் ஆசிரியன் என்பதை விமரிசகர் பலர் பெரிதாகக் கருதவில்லை. ஆயின் ஆசிரியத் தொழிலை அறிந்தோர் இதனை எளிதிற் கடந்து செல்லமாட்டார்கள். கற்றுத் தேறிய மாணவன் ஆசிரியனை விட்டு நீங்குவதே அத்தொழிலின் நிறைவு. எழுத்தறிவித்தவன் யார் என்பது எழுத்தறிந்தவன் நினைவில் நிற்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சீனிவாசன் அவளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பியிருந்தால் வைத்தியரிடம் அழைத்துச் சென்றிரான். அவள் நலம் பெறவேண்டும் என்று அவனே முயன்றான். அம்முயற்சி வென்றதனாலேயே அவன் தோற்றான். அவளைக் கவர்ந்து செல்லும் கொடியோன் எவனும் இல்லை, பெற்றோர் நல்லோர், வைத்தியர் நல்லவர். வைத்தியரின் இல்லத்தில் அவள் கண்விழித்த வேளையில், பொலிசாருக்கு அஞ்சி அவன் மறைந்து நின்றான் என்ற அச்சிறு அச்சம் ஒன்றே இடையில் நின்றது. அதனையும் பெருங்குற்றம் என்று எவர் சொல்லுவர்?

மறதியையும் அடையாளம் காண்டலையும் வைத்துக் கதை பின்னுதல் உலக இலக்கியத்திற்குப் புதிதன்று. காளிதாசரின் சகுந்தலையைத் துஷ்யந்தன் மறக்கின்றான்; மோதிரம் ஒன்று மீனின் வயிற்றிலிருந்து வெளிப்பட்டு நினைவை மீட்கின்றது. சாப்ளின் 1931 இல் எடுத்த நகரொளிகள் என்ற படத்தில், பார்வை பெற்ற பூக்காரி தனக்கு உதவியவனைப் பிச்சைக்காரன் என்று எண்ணிக் காசு கொடுக்கின்றாள். கையைத் தொட்டதும் அறிந்துகொள்கின்றாள். பாலுமகேந்திராவின் படத்தில் மோதிரமும் இல்லை, கைத்தொடுகையும் இல்லை. அறிகுறியாக அவனிடம் இருப்பது ஒரு குரங்காட்டம் மட்டும். மூன்று மாதமோ நான்கு மாதமோ இருவருக்கிடையே இருந்த உலகம் முழுவதும் அவன் ஒருவன் தலைக்குள் மட்டும் எஞ்சிவிடுகின்றது. தனிமை என்பதற்கு இதனினும் கடுமையான விளக்கம் திரையில் அரிது. தனியே இருத்தல் தனிமையன்று. இருவர் வாழ்ந்த வாழ்வுக்குத் தான் ஒருவனே சாட்சியாய் நிற்பதே தனிமை என்று அப்படம் காட்டிற்று.

புகையிரத நிலையத்திற் பிரிவை நிகழ்த்துவது பற்றி ஒரு சிறு குறிப்பு. கித்துள்கலையில் மழையை வருவித்த அதே டேவிட் லீன், 1945 இல் ஒரு சிற்றூர்ப் புகையிரத நிலையத்தை நடுவாக வைத்து, கூடாத காதலொன்றைப் பற்றிய படத்தை எடுத்திருந்தார். அங்கும் வெளியே சொல்லமுடியாத துயரோடு இருவர் பிரிகின்றனர். ஒன்று மற்றொன்றின் வழிவந்தது என்று சொல்வதற்குச் சான்று வேண்டும். அவ்வாறு இங்கே சொல்லப்படவில்லை. மழையும் புகையிரதமும் பிரிவும் ஒன்றாய்க் கூடிய அக்காட்சியைக் காணும்போது கித்துள்கலையிற் நின்ற பாடசாலைச் சிறுவன் நினைவுக்கு வருவது இயல்பு, அவ்வளவே. கேத்தி நிலையம் இருப்பது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் மலைப்பாதையில். குன்னூருக்கு அப்பால் அப்பாதை 1908 இல் உதகை வரை நீட்டப்பெற்றது. 2005 இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வண்டி மெல்லத்தான் புறப்படும். ஓடிப் பிடிக்கக்கூடிய வேகத்திற் செல்லும் வண்டியைப் பிடிக்கமுடியாமற் போவது அக்காட்சியின் கொடுமையை மிகுவிக்கின்றது.

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, மலைக்குப் புணர்ச்சியையும் கடற்கரைக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வைத்தனர். வாவிக்கரையாகிய நெய்தல் நிலத்திற் பிறந்த கலைஞர் தம் கதையைக் குறிஞ்சி நிலத்திலே நிகழ்த்தி, முடிவில் நெய்தலின் இரங்கலை அம்மலையுச்சியிலே கொண்டுவந்து வைத்துவிட்டார். அவர் தொல்காப்பியத்தைக் கையில் வைத்துக்கொண்டு படமெடுத்தார் என்பது இதன் பொருளன்று. மட்டக்களப்பின் நாட்டார் கவிகளை அறிந்தவர்களுக்கு மட்டும் இத்தொடர்பு இயல்பாகத் தோன்றும். வயலுக்கும் வாவிக்கும் சென்ற ஆடவனை எண்ணிப் பெண் பாடுவதும், மறுமொழி பாட ஆளில்லாத கவியும் இப்பகுதியின் வாய்மொழிச் செல்வத்தில் நிறைய உண்டு. அக்கவிகளிலே புலம்பல் இருக்கும், பழிச்சொல் இராது. மூன்றாம் பிறையிலும் அவ்வாறே.

படத்தின் பெயரையும் எண்ணிப் பார்க்கலாம். மூன்றாம் நாட் பிறையைக் கண்டு தொழுதல் நலம் தரும் என்பது நம் வழக்கு. ஆனால் அப்பிறை பொழுது சாய்ந்தபின் மேல்வானத்திற் சிறிது நேரமே தோன்றி விரைவில் மறைந்துவிடும். தேடிக் காண்போருக்கே அது கிட்டும். நடிகை ஷோபா 1980 மே மாதத்தில் மிக இளவயதில் மறைந்தமை பாலுமகேந்திராவின் வாழ்வில் நேர்ந்த பேரிழப்பு. அத்துயரே இப்படத்திற்கு ஊற்றாயிற்று என்பதை அவர் பின்னாளில் ஒளித்ததில்லை. அதற்கு மேல் அதனைக் கிளறுதல் நாகரிகமன்று.

குறை கூறாமற் புகழ்ந்து செல்லுதலும் தகாது. பாடசாலைத் தலைமையாசிரியரின் இளம் மனைவியாக ஒரு பாத்திரம் வருகின்றது. சில்க் ஸ்மிதா நடித்தார். வயது முதிர்ந்த கணவருடன் வாழும் அப்பெண்ணும் தனிமையில் வாடுபவளே. கதையின் மையப்பொருளுக்கு அணுக்கமானவளே. ஆயின் நெறியாளர் அவளுடைய உள்ளத்தைக் காட்டவேண்டிய இடத்தில் ஒரு கவர்ச்சி நடனத்தைக் காட்டினார். வணிகத்திற்குச் செலுத்திய கப்பம் அது. சீனிவாசனின் தனிமையைக் காட்டிய கமரா அவளுடைய தனிமையைக் காண மறுத்தது வருந்தத்தக்கது. கலைப்படம் என்றும் வணிகப்படம் என்றும் வேலி போட்டுப் பிரிப்போருக்கு இப்படம் இன்றுவரை இடர் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டும் நடனமும் உள்ளது. பல மாதங்கள் ஓடியது. ஆகவே வணிகப்படம் என்பர் ஒருசாரார். பெரும்பகுதி பேச்சுக் குறைந்து, ஒப்பனை குறைந்து, சாளரத்தின் வழி வரும் பகலொளியிலே எடுக்கப்பட்டு, ஆறுதல் தராத முடிவைக் கொண்டது. ஆகவே கலைப்படம் என்பர் மற்றொருசாரார். மக்கள் இவ்வழக்கிற் கலந்துகொள்ளாமற் படத்தைப் பார்த்தனர்.

இனி, இங்கே இலங்கையில் நிகழ்ந்ததைப் பார்க்கவேண்டும். பாலுமகேந்திரா கோகிலாவை எடுத்த அதே காலப்பகுதியில், 1977 இல், பொன்மணி என்ற தமிழ்ப்படம் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு வெளிவந்தது. நெறிப்படுத்தியவர் தர்மசேன பத்திராஜ. கதையும் வசனமும் காவலூர் இராசதுரை. கட்டுப்பாடு மிகுந்த குடும்பத்திற் பிறந்த ஒரு பெண், சாதியெல்லையைக் கடந்து காதலித்து, அதற்குத் தன் உயிரையே விலையாகக் கொடுக்கின்றாள். அப்படத்திலும் பேச்சுக் குறைவு, நடை மெதுவானது, வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் மௌனம் நீண்டது. மூன்றாம் பிறைக்கு ஐந்தாண்டு முன்பே, நம் நாட்டிலேயே, சிக்கலுற்ற காதலையும் தனிமையையும் பற்றிய நேர்மையான கலைப்படம் ஒன்று தமிழிற் பிறந்திருந்தது. மக்கள் அதனை ஏற்கவில்லை. சில நாள்களே ஓடிப் படமாளிகைகளை விட்டு நீங்கிற்று. சென்னைப் படங்களின் வேகத்திற்குப் பழகிய கண்களுக்கு அது மந்தமாகத் தோன்றியது; தம் வீட்டுக் குறையைத் திரையிற் காணச் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. இன்று அறிஞர்கள் அதனை இலங்கைத் தமிழ்த் திரையின் தலையாய படமாகப் போற்றுகின்றனர். காலங்கடந்த போற்றுதல்.

எனவே, மகேந்திரன் 1966 இற் கப்பலேறாமல் இங்கேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற வினாவிற்குப் பொன்மணியின் கதை ஒருவகையில் விடை சொல்லுகின்றது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா படக்கூடம் எரிக்கப்பட்டது. பல படங்களின் மூலச்சுருள்கள் சாம்பலாயின. அதன்பின் கீழ்மாகாணம் கண்ட ஆண்டுகளிற் படப்பிடிப்பு என்பது பேசத்தக்க பொருளாகவே இருக்கவில்லை. இரவிலே வாவியிற் தோணி விடுதலே அச்சத்திற்குரியதாகிய காலம் அது.

வாவிக்கரையை அவர் படமாக்கவில்லை என்பது மெய். ஆயின் அதனை முற்றாக மறந்தார் என்பது பொய். தமிழிலே அவர் நெறிப்படுத்திய முதற்படமாகிய அழியாத கோலங்கள் 1979 இல் வந்தது. பருவத்தின் வாயிலில் நிற்கும் மூன்று சிறுவர்கள், அவர்களுடைய ஊர், அங்கு வந்து சேரும் ஓர் ஆசிரியை. தம்முடைய இளமை நினைவுகளையே அதில் வைத்ததாக அவர் கூறியுள்ளார். ஊரின் பெயர் வேறு, மக்களின் பேச்சு வேறு. நினைவு இங்கிருந்து சென்றது. 1988 இல் வெளிவந்த வீடு இன்னும் தெளிவான சான்று. சென்னையிலே சிறுவீடொன்று கட்டப் படாத பாடு படும் ஒரு பெண்ணின் கதை. அதன் வித்து, தம் சிறுபராயத்தில் தாயார் ஒரு வீடு கட்டத் தொடங்கிய பின் அவரிடம் தாம் கண்ட மாறுதலே என்று அவர் எழுதியும் பேசியும் உள்ளார். சிரித்த முகம் சிரிப்பிழந்ததைச் சிறுவன் கவனித்திருக்கின்றான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனை உள்ளத்தில் வைத்திருந்து, வேறு நாட்டில், வேறொரு பெண்ணின் முகத்தில் அதனை எழுதினான். அப்பெண்ணாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படம் என்ற விருதும் அதற்கே. மட்டக்களப்பைப் பற்றிய படம் எங்கே என்று கேட்போர் வீடு படத்தை இன்னொருமுறை பார்த்தல் நன்று.

மூன்றாம் பிறைக்குப் பின்னரும் அவர் முப்பதாண்டுக்கு மேல் உழைத்தார். எல்லாம் ஒரே தரத்தனவல்ல. பிழைப்புக்காக எடுத்த படங்களும் உண்டு, அதனை அவரே மறைத்ததில்லை. சந்தியாராகம், வண்ண வண்ணப் பூக்கள், மறுபடியும் ஆகியவை நிற்கும். சென்னையிற் சினிமாப் பட்டறை என்ற பெயரில் ஒரு பயிற்சிக்கூடம் நிறுவி இளைஞர்களுக்குக் கற்பித்தார். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு இராமசாமி முதலியோர் அவரிடம் தொழில் பழகியவர்கள். 2013 இல் வந்த தலைமுறைகள் அவருடைய இறுதிப்படம். தமிழறியாத பேரனுக்குத் தமிழ் கற்பிக்கும் பாட்டனாராக அவரே அதில் நடித்தார். 2014 பெப்ரவரி 13 ஆம் நாள் சென்னையிற் காலமானார். மூன்றாம் பிறை வெளிவந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் நிறைய ஆறு நாள்களே இருந்தன. தலைமுறைகள் படத்திற்கு நாட்டு ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது அவர் மறைந்த பின்னர் அறிவிக்கப்பட்டது.

தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் மீண்டும் மீண்டும் வேண்டியது தமிழ்ப்படங்களைப் பேணிக்காக்க ஓர் ஆவணக்காப்பகம். அவ்வேண்டுகோளுக்குக் காரணம் இருந்தது. வீடு, சந்தியாராகம் ஆகியவற்றின் மூலச்சுருள்கள் அழிந்துபோயின; தேடியும் கிடைக்கவில்லை. தீயினாலன்று, கவனிப்பாரின்மையால். இங்கே ஹெந்தளையில் எரிந்தவையும் அங்கே பெட்டிக்குள் மக்கியவையும் ஒன்றுபோலவே இல்லாமற் போயின. தாயின் முகத்தில் அமிர்தகழிச் சிறுவன் கண்ட மாறுதலுக்கு இன்று எஞ்சியிருப்பது தேய்ந்த படிகளிலிருந்து எடுக்கப்பட்ட படிகள் மட்டுமே.